உமாதேவி (வாண்டா டினோவ்ஸ்கா)

உமாதேவி (1888–1971): போலந்து நாட்டுக் கல்வியாளர், மொழிபெயர்ப்பாளர், சமூகத் தொண்டர். இயற்பெயர் வாண்டா டினோவ்ஸ்கா. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் போலந்துக் குடும்பத்தில் பிறந்தார். போலந்துப் பிரம்மஞான சபையின் பொதுச் செயலாளராக இருந்தவர் 1935இல் இந்தியா வந்து, இங்கேயே தங்கிவிட்டார்.

இராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் தொடங்கிய காந்தி ஆசிரமம் போன்ற இடங்களில் கதர்ப்பணி வேரூன்றியிருந்த காலம் அது. டினோவ்ஸ்காவும் காந்தியின் தொண்டர்களில் ஒருவரானார். உமாதேவி என்ற பெயரைக் காந்தியே சூட்டினார் என்பது பெருவழக்கு. திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்கும் அடிக்கடி சென்றுவந்தார். காஷ்மீர்ப் பயணத்தில் கொண்டுவந்த படங்களை அவர் ரமணரிடம் காட்டியதையும், அலையாமலேயே அந்த இடங்களைப் பார்த்துவிட்டோம் என்று ரமணர் வேடிக்கையாகச் சொன்னதையும் ஆசிரம நாட்குறிப்பு பதிந்து வைத்திருக்கிறது.

அவருடைய பெரும்பணி 1944இல் சென்னையில் தொடங்கிய இந்திய-போலந்து நூலகம். நூலகம் என்று பெயர் இருந்தாலும் அது ஒரு பதிப்பகம். வார்சாவிலிருந்து வந்த பொறியாளரும், கை நூற்புக்கு எளிய கருவி அமைத்துக் காந்தியின் பாராட்டைப் பெற்றவருமான மாரிஸ் ஃபிரீட்மன் இதில் துணைநின்றார். இந்தியாவைப் போலந்துக்கும் போலந்தை இந்தியாவுக்கும் அறிமுகம் செய்வது நோக்கம். போலிஷ் எழுத்துகளில் சிலவற்றுக்கு அடியில் வால் உண்டு, சிலவற்றின் குறுக்கே கோடு உண்டு. அம்மொழி அறிந்தவர்கள் அரிதான சென்னையில் அந்த எழுத்துகளைக் கோத்து நூல் நூலாக வெளியிட்டது எளிய காரியமன்று. பகவத்கீதை போலிஷில் வந்தது. இந்தியக் கவிதைத் தொகுப்பு வரிசையில் தமிழுக்கென்றே ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. 1958இல் திருக்குறளும் வந்தது. ‘தென்னிந்தியாவின் புனித நூல்’ என்று அதற்குத் துணைத்தலைப்பு இட்டிருந்தார். மொழிபெயர்ப்பு ஆங்கில வழியாக நடந்திருக்கலாம். எப்படியாயினும், போலந்தில் மற்றொரு குறள் மொழிபெயர்ப்பு 1977இல்தான் வந்தது என்பதை நோக்க, வள்ளுவரை அம்மக்களிடம் முதலில் கொண்டுசேர்த்த பெருமை இவரையே சேரும்.

போர்க்காலத்தில் சோவியத் நாட்டிலிருந்து தப்பிவந்து, கோலாப்பூர் அருகே வளிவடே முகாமில் தங்கியிருந்த போலந்து அகதிகளோடும் தொடர்பு வைத்திருந்தார்.

1960களில் தரம்சாலாவில் திபெத்திய அகதிக் குழந்தைகளுக்காகப் பணிபுரிந்தார். 1971 மார்ச்சில் மைசூரில் காலமானார்.