எம்மி விருதும் மூன்று எல்லைகளும்

ஒரு விருதின் வரலாற்றை ஆராய விழைவோர் பெரும்பாலும் வென்றோர் பட்டியலையே முதலில் நாடுவர். போட்டியிடத் தகுதியுடையோர் யாவர் என வகுத்த விதிகளைப் படிப்போர் சிலரே. அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதைப் பொறுத்தவரை, அவ்விதிகள் மாறிவந்த கதையே அதன் வரலாறு எனலாம்.

முதல் விழா 1949 ஜனவரி 25ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஹாலிவுட் பகுதியில் நடைபெற்றது. வழங்கப்பட்ட விருதுகள் ஆறே. தலைசிறந்த தொலைக்காட்சிக் கலைஞருக்கான விருதைப் பொம்மையைப் பேசவைக்கும் கலையில் வல்ல ஷெர்லி டின்ஸ்டேல் பெற்றார். அக்காலத்துப் படப்பிடிப்புக் கருவியில் இருந்த ஒரு குழாயைத் தொழில்நுட்பர்கள் ‘இம்மி’ எனச் செல்லமாக அழைத்தனர். விருதுச் சிலை பெண்ணுருவில் அமைந்தமையால் அப்பெயர் ‘எம்மி’ என மாறியது. சிலையின் சிறகுகள் கலையையும், கையில் ஏந்திய அணு அறிவியலையும் குறிக்கின்றன.

முதல் எல்லை இடம் பற்றியது. தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஒளிபரப்பானவை மட்டுமே போட்டியில் இடம்பெற்றன. 1951இல் அமெரிக்காவின் இரு கடற்கரைகளையும் இணைக்கும் நேரடி ஒளிபரப்பு இயன்றது. அதனையொட்டி விருதும் நாடு தழுவியதாயிற்று. 1955 மார்ச் 7ஆம் நாள் விழா முதன்முறையாக நாடெங்கும் ஒளிபரப்பப்பட்டது.

இரண்டாம் எல்லை ஒளிபரப்பு முறை பற்றியது. கேபிள் வழி வந்த நிகழ்ச்சிகளுக்கு முதன்மை எம்மி விருதில் நெடுங்காலம் இடமில்லை. ஆதலால் கேபிள் துறையினர் தமக்கெனத் தனி விருது ஒன்றை நிறுவிக்கொண்டனர். 1988இல் எம்மியின் கதவு அவர்களுக்குத் திறந்தது. தனி விருதின் தேவை குறைந்து, 1997க்குப்பின் அது நின்றுபோனது. 2013இல் இணையவழி வெளியான ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரும் எம்மி வென்றது.

மூன்றாம் எல்லை மொழி பற்றியது. அமெரிக்காவுக்கு வெளியே உருவாகும் படைப்புகளுக்கென 1973 முதல் அனைத்துலக எம்மி தனியே வழங்கப்படுகிறது. 2020இல் ‘டெல்லி கிரைம்’ அவ்விருதைப் பெற்றது. முதன்மை விழாவிலோ, 2022இல் கொரிய மொழித் தொடரான ‘ஸ்குவிட் கேம்’ வாயிலாக லீ ஜுங்-ஜே சிறந்த நடிகரானார். 2024இல், உரையாடலின் பெரும்பகுதி ஜப்பானிய மொழியில் அமைந்த ‘ஷோகன்’ 18 விருதுகளை வென்றது.

எனினும் இங்கு ஒன்றைக் கருதுதல் வேண்டும். இவ்விரு தொடர்களும் அமெரிக்க நிறுவனங்களின் முதலீட்டில் உருவானவை. அயல்நாட்டுப் படைப்பு முதன்மை எம்மிக்குத் தகுதிபெற அமெரிக்கப் பங்காளியின் துணை தேவை. ஆகவே மொழியின் எல்லை தளர்ந்தது. முதலீட்டின் எல்லை தளரவில்லை. கொரிய மொழி பெற்ற சிறப்புக்குக் கலைஞரின் திறன் ஒரு காரணம். அப்படைப்பை விதிக்குள் கொண்டுவந்த பொருள்வளம் மற்றொரு காரணம்.

பல மொழி ஒளிபரப்புகளை அன்றாடம் காணும் நம் மாணவர்க்கு இவ்வரலாறு ஒரு பயிற்சியாக அமையும். எந்த விருதைப் பற்றிப் படிப்பினும், வென்றவர் யார் என்பதோடு நில்லாமல், போட்டியிடவே இடம்பெறாதவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். ஒரு மொழியின் படைப்பு மதிக்கப்படாமைக்கும் எண்ணப்படாமைக்கும் உள்ள வேறுபாடு அவ்வினாவில்தான் புலப்படும்.