2¹²⁷ − 1

2¹²⁷ − 1 என்பது 39 இலக்கங்கள் கொண்ட மெர்சென் பகா எண். விரித்தெழுதினால் 170141183460469231731687303715884105727. இரும எண்முறையில் இது 127 ஒன்றுகளின் வரிசை. நடுவே ஒரு சுழியம்கூடக் கிடையாது. 1876 முதல் 1951 வரை, 75 ஆண்டுகள், அறியப்பட்ட பகா எண்களில் இதுவே பெரியது. கையால் கணக்கிட்டு நிறுவப்பட்டவற்றில் இன்றும் இதை மிஞ்சியது இல்லை.

பாரிஸ் துறவி மரேன் மெர்சென், 2ⁿ − 1 பகா எண்ணாக அமையும் அடுக்குகளை 1644-இல் பட்டியலிட்டார். அதில் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 மூன்றும் விடுபட்டன. 127 சரியாகவே இருந்தது. அவர் எப்படி அதைத் தேர்ந்தார் என்பதற்கு நிறுவல் எதுவும் அவர் விட்டுச் செல்லவில்லை.

நிறுவியவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்காஸ். வகுத்துப் பார்க்கும் வழி இங்கே உதவாது: வர்க்கமூலம் மட்டுமே ஏறத்தாழ 1.3 லட்சம் கோடி கோடி. லூக்காஸ் வகுத்திகளைத் தேடவே இல்லை. 3-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை வைத்துக்கொண்டு மீண்டும் அதையே செய்தார். சிறிய தம்பியான 2⁷ − 1, அதாவது 127-இல் இதைப் பார்க்கலாம்: 3, 7, 47, 48, 16, 0. ஐந்தாம் சுற்றில் மீதி சுழியமானதால் 127 பகா எண். 2¹²⁷ − 1-க்கு இப்படி 125 சுற்றுகள். எண்ணின் வகுத்தி ஒன்றையும் தொடாமல் அதன் பகாத்தன்மையைச் சொல்லிவிடும் இந்தச் சோதனை, எண்கோட்பாட்டின் பேரழகுகளில் ஒன்று.

இக்கணக்குக்காக அவர் 127 × 127 கட்டப் பலகையைப் பயன்படுத்தினார். ஒரு கட்டத்தில் காய் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒரே நெடுவரிசையில் இரண்டு காய்கள் சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இடப்பக்க நெடுவரிசையில் ஒன்று வைக்க வேண்டும். இட ஓரத்தைத் தாண்டும் காய் வல ஓரத்தில் மீண்டும் நுழையும். 2¹²⁷-ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 என்பதால் வகுத்தல் தானாகவே நடந்துவிடும். 1914-இல் கணிதவியலாளர் ஃபோகம்பெர்க் செய்த மறுகணக்கும் லூக்காஸின் முடிவையே உறுதி செய்தது. எனவே நிறுவலின் ஆண்டு 1876 என்றே கொள்ளப்படுகிறது.

இதை 2¹²⁶-ஆல் பெருக்கினால் 77 இலக்கச் செவ்விய எண் ஒன்று கிடைக்கும். 6, 28 ஆகியவற்றைப் போல, தன்னை நீங்கலான வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு அது சமம். 2, 3, 7, 127 என்று, முந்தைய எண்ணை 2-இன் அடுக்காக்கி 1 கழித்துச் செல்லும் கட்டலான் தொடரின் ஐந்தாம் உறுப்பும் 2¹²⁷ − 1தான். ஆறாவது உறுப்பு பகா எண்ணா என்பது இன்றுவரை தெரியாது. அதன் இலக்க எண்ணிக்கையே 38 இலக்கம் கொண்டது.

கணினியில் 128 பிட் குறியுடைய முழுவெண்ணின் உச்ச மதிப்பு இது. இதன் 39 இலக்கங்களோடு ஒப்பிட்டால், 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற மெர்சென் பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள்.