காரில் ஸ்டெப்னி எங்கே போச்சு? பெயர் அதேதான், வருஷம் வேற... வாங்கும் முன் இதைப் பாருங்க!

ஒரத்தநாட்டில் இருந்து பட்டுக்கோட்டை போகும் சாலை. ராத்திரி பத்து மணி. டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்து பாயைத் தூக்கினால், ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் ஒரு குட்டி கம்ப்ரசரும் ஒரு பாட்டில் பசையும் மட்டும்தான். புது காரில் ஸ்டெப்னியே வரவில்லை என்பது சிலருக்குத் தெரிய வருவதே இப்படி ஒரு ராத்திரியில்தான்.

ஷோரூமில் யாரும் ஏமாற்றவில்லை. விதி மாறியிருக்கிறது. கார் ஒன்றுக்குப் பெயர் பத்து வருஷம் மாறாமல் இருக்கலாம். உள்ளே இருக்கும் பொருட்கள் அப்படி இல்லை. இன்ஜின், சீட், ஏர்பேக், கியர், ஸ்டெப்னி என ஏதாவது ஒன்று வருஷா வருஷம் கூடும் அல்லது குறையும். கூடியதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவார்கள். குறைந்ததை நாமதான் தேடிப் பார்க்கணும்.

ஸ்டெப்னி கட்டாயம் இல்லையா?

முன்பெல்லாம் கார் விற்கும்போதே உபரி சக்கரத்தையும் கழற்றி மாட்டும் கருவிகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. எடை 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் வாகனத்தில் டியூப்லெஸ் டயர், டயரில் காற்று குறைந்தால் டிரைவருக்குக் காட்டும் கருவி, பஞ்சர் ரிப்பேர் கிட் ஆகிய மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்றது அந்தத் திருத்தம். மிச்சமாகும் இடத்தில் மின்சார கார்களுக்குப் பெரிய பேட்டரி வைக்கலாம் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. கம்பெனிகளுக்கும் இதில் லாபம் உண்டு. ஒரு சக்கரத்தின் விலையும் எடையும் மிச்சம், டிக்கியில் இடமும் கூடும்.

விதி வந்த அடுத்த வருஷமே நம்ம ஊர் கார் ஒன்றில் இது நடந்தது. சென்னை அருகே மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் அடையாளமே பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிதான். 2021 மார்ச்சில் வந்த எஸ்.இ. வேரியன்ட்டில் அதை எடுத்துவிட்டு பஞ்சர் கிட் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதே வருஷம் செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பையே நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. இப்போது செகண்ட் ஹேண்டில் ஈகோஸ்போர்ட் தேடுபவர்கள், ஒரே வருஷத்து வண்டியில்கூட ஸ்டெப்னி உள்ளது எது, இல்லாதது எது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

(ஸ்டெப்னி என்ற பெயரே பிரிட்டனில் இருந்து வந்தது. வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் உபரி சக்கரம் தயாரிக்கத் தொடங்கிய கம்பெனியின் பெயர் அது. அங்கே வழக்கொழிந்த சொல், நம்ம மெக்கானிக் பட்டறைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.)

பஞ்சர் கிட் போதுமா?

ஆணி குத்தினால் போதும். பாட்டிலில் உள்ள பசையை டயருக்குள் செலுத்தி, காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் கம்ப்ரசரைச் செருகிக் காற்று பிடித்தால் அடுத்த பஞ்சர் கடை வரை ஓட்டிவிடலாம். பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் இது டயரின் அடிப்பகுதியில், அதாவது தரையில் படும் பட்டையில் விழும் 4 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டைக்குத்தான். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் எந்தப் பசையும் நிற்காது. வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

டெல்டாவில் சிக்கலே இங்கேதான். வெண்ணாறு, வெட்டாறு, கல்லணைக் கால்வாய் கரையோரச் சாலைகளில் பல இடங்களில் ஒரு வண்டிதான் போக முடியும். எதிரே அறுவடை மெஷினோ நெல் லாரியோ வந்தால் கார்தான் ஒதுங்கணும். ஒதுங்கும்போது தார் விளிம்பில் சக்கரம் இறங்கி ஏறும். பக்கச் சுவர் கிழிவது பெரும்பாலும் அந்த விளிம்பிலும் கல்லிலும்தான். தை, மாசியில் சம்பா அறுவடை மும்முரத்தில் இது இன்னும் அதிகம். சென்னை ஓ.எம்.ஆரில் கம்பெனிக்கு போன் போட்டால் உதவி வண்டி சீக்கிரம் வந்துவிடும். திருவோணம் பக்கம் உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நின்றால் அப்படி எதிர்பார்க்க முடியாது. நகரத்தை மனசில் வைத்து எடுத்த முடிவு இது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேற என்னவெல்லாம் மாறியது?

நிறைய. டெல்டாவில் அதிகம் ஓடும் வண்டிகளை மட்டும் பார்க்கலாம்.

மாருதி ஸ்விஃப்ட் டீசல் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததோடு நின்றது. மாருதி டீசலையே கைவிட்டது. அடுத்து 2024-ல் வந்த புது ஸ்விஃப்ட்டில் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினுக்குப் பதில் மூன்று சிலிண்டர். சக்தி 90 பி.எஸ்-ல் இருந்து 82-க்குக் குறைந்தது. அதற்குப் பதிலாகக் கிடைத்தது மைலேஜ். மேனுவல் கியர் வண்டிக்கு கம்பெனி சொல்லும் கணக்கு லிட்டருக்கு 22.38-ல் இருந்து 24.8 கிலோமீட்டராக உயர்ந்தது. எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக்கும் வந்தது. குடும்பத்துக்கு இது நல்ல பேரம்தான்.

கும்பகோணம் நவக்கிரக டூர்களில் தவறாமல் கண்ணில் படும் இன்னோவா கிரிஸ்டா கதை வேறு. 2016-ல் வந்தபோது பெட்ரோல், டீசல், மேனுவல், ஆட்டோமேட்டிக் எல்லாம் இருந்தது. 2022-ல் டீசல் புக்கிங்கை நிறுத்தி வைத்து, 2023-ல் திரும்பக் கொண்டுவந்தபோது டீசல் மேனுவல் மட்டும்தான். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் ஹைகிராஸ் வாங்குங்கள் என்பதுதான் சொல்லாமல் சொன்ன சேதி. அதில் டீசல் கிடையாது.

மாருதி ஈகோவில் குறைந்தது ஒரு ஆள். 1984-ல் வந்த ஆம்னி 2019-ல் நின்ற பிறகு, கல்யாண வீட்டுக்கும் கடைக்கும் ஈகோதான் கைகொடுத்தது. 2025 மாடலில் ஆறு ஏர்பேக் வந்தது. ஆனால் 7 சீட் போய் 6 சீட் ஆனது. குடும்பத்தில் ஏழு பேர் இருந்தால் இது சின்ன மாற்றம் இல்லை.

பழைய கார் வாங்குபவர்கள் கவனத்துக்கு

'2021 மாடல்' என்று புரோக்கர் சொல்வதோடு நிற்கக் கூடாது. முன்சீட் பயணிக்கான ஏர்பேக் புது மாடல்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் கட்டாயமானது. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு அந்த வருஷம் டிசம்பர் 31 வரை அவகாசம் தரப்பட்டது. அதனால் 2021-ல் தயாரான விலை குறைந்த வேரியன்ட் கார்களில் சிலதில் ஒரு ஏர்பேக்தான் இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் தயாரான மாதமும் வருஷமும் இருக்கும், பதிவு செய்த தேதி தனியாக இருக்கும். பார்க்க வேண்டியது தயாரான மாதத்தை. அதோடு வேரியன்ட் பெயரையும் கேட்டு, அந்த வருஷத்துக் கம்பெனி கையேட்டைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

ஸ்டெப்னி இருந்தாலும் ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். ஓடும் நாலு சக்கரத்தைவிடச் சின்ன அளவில் ஸ்டெப்னி வரும் கார்கள் உண்டு. அப்படி என்றால் மெதுவாக ஓட்டி, சீக்கிரம் கழற்றிவிட வேண்டும். வேகம் எவ்வளவு என்று சக்கரத்திலோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள். டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். '2319' என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. தரையே தொடாத ஸ்டெப்னியும் வயசானால் வெடிக்கும்.

ஸ்டெப்னி இல்லாத கார் என்றால், பாட்டிலில் உள்ள காலாவதி தேதியைப் பார்த்து வையுங்கள். பசையைப் பயன்படுத்தியிருந்தால் பஞ்சர் கடையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சக்கரத்துக்குள் காற்றழுத்த சென்சார் இருந்தால் அதையும் சொல்லுங்கள், டயர் கழற்றும்போது கம்பி பட்டு உடைந்தால் செலவு நம்ம தலையில்தான். அதே மாடலின் வேறு வேரியன்ட்டில் ஸ்டெப்னி வருகிறது என்றால், அந்த அளவு ஸ்டீல் சக்கரம், ஜாக்கி, ஸ்பேனர் மூன்றையும் தனியாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். நட்டு பொருந்துகிறதா, டிக்கி குழியில் உட்காருகிறதா என்று பட்டறையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.