கோதுமை வயலில் பிறந்த சூத்திரம்

லேசர் பிறப்பதற்கு முன்பே, அது காற்றில் எப்படித் தடுமாறும் என்ற கணக்கு பிறந்துவிட்டது. 1941-இல் சோவியத் கணித மேதை கொல்மகோரவ், காற்றின் பெரிய சுழல்கள் சிறுசிறு சுழல்களாக உடைவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டினார். அதே ஒழுங்கை இன்னொரு சோவியத் அறிஞரான அபுகோவ் வெப்பநிலைக்கும் பொருத்தினார். வெப்பம் ஒரு டிகிரி மாறினால் காற்றின் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். அற்பம்தான். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் போகும் ஒளிக்கு, வழியில் குறுக்கிடும் ஒவ்வொரு சுழலும் ஒரு கோணல் லென்ஸ். அலைகள் இதில் படும் பாட்டை 1959-இல் தத்தார்ஸ்கி முழுப் புத்தகமாகவே எழுதினார். அடுத்த ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியாவில் மைமன் முதல் லேசரான ரூபி லேசரை ஒளிரவைத்தார்.

சோதனைக்கு ஒளி வந்ததும் கோட்பாட்டின் ஓட்டையும் வெளிப்பட்டது. தூரமும் காற்றின் கொந்தளிப்பும் கூடக் கூட ஒளியின் மினுமினுப்பும் கூடிக்கொண்டே போகும் என்றது கணக்கு. ஓர் எல்லைக்கு மேல் அது கூடவில்லை என்று 1965-இல் கிராச்சேவாவும் குர்விச்சும் அளந்து காட்டினார்கள்.

தரையோரத்தில் வேறொரு சிக்கல். கொந்தளிப்பின் வலிமையைச் சொல்லும் எண்ணை இத்துறையினர் ‘சி-என் ஸ்கொயர்’ என்பார்கள். வெயில், காற்று, உயரம் எல்லாவற்றையும் பொறுத்து அது ஆயிரம் மடங்குக்கும் மேல் ஏறி இறங்கும். அதை எப்படி முன்கூட்டிச் சொல்வது?

விடை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் கிடைத்தது. 1968 கோடையில், அறுப்பு முடிந்து அரிதாள் மட்டும் நின்ற கோதுமை வயல் ஒன்றில், விமானப்படை ஆய்வகத்தார் 32 மீட்டர் கோபுரம் நட்டார்கள். கண்ணுக்கு எட்டிய வரை மேடு பள்ளமில்லாத நிலம். ஒலி அலையால் காற்றை அளக்கும் கருவிகளும், சட்டென்று மாறும் வெப்பத்தைப் பிடிக்கும் மெல்லிய பிளாட்டினக் கம்பிகளும் கோபுரத்தில் பல உயரங்களில் இருந்தன. லேசருக்காக நடந்த ஆய்வு அல்ல அது. காற்றைப் புரிந்துகொள்ள நடந்தது. அதனால்தான் அந்த அளவீடுகள் அத்தனை சுத்தமாக வந்தன என்பது என் எண்ணம்.

அவற்றைக் கொண்டு 1971-இல் வின்கார்ட், இசுமி, காலின்ஸ் மூவரும் சூத்திரத்தை வெளியிட்டார்கள். வெயில் காயும் பகலில், உயரம் கூடக் கூட சி-என் ஸ்கொயர் உயரத்தின் 4/3 அடுக்கில் குறையும். 2 மீட்டரில் இருக்கும் லேசரை 16 மீட்டருக்கு ஏற்றினால், கொந்தளிப்பு பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

இது சமவெளிக்கு எழுதிய கணக்கு. நகரத்து மொட்டைமாடியிலோ கடலோரத்திலோ லேசர் இணைப்பு அமைப்பவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அந்தந்த இடத்தில் அளந்துகொள்வதே நல்லது.