செயலி எங்கே? நினைவகம் எங்கே? - கெர்னல் வரலாற்றில் ஒரு சின்னப் பக்கம்

இயங்குதளம் பாடத்தில் நினைவகத்தை ஒரே பெரிய தொட்டியாகப் படம் போடுவோம். எல்லா செயலிகளும் அதற்கு சம தூரத்தில் இருக்கும். பெரிய சர்வர்களில் நிலைமை அப்படி இல்லை. அந்தப் படம் எப்படி மாறியது, அதனால் கெர்னல் எழுதுபவர்களுக்கு என்ன தலைவலி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

செயலிகள் பெருகியபோது எல்லாம் ஒரே பாதையில் நினைவகத்துக்குப் போக, நெரிசல் வந்தது. அதனால் நினைவகத்தைப் பங்கு பிரித்து, சில செயலிகளுக்குப் பக்கத்தில் ஒரு பங்கு என்று வைத்தார்கள். அந்தச் செயலிகளும் அவற்றின் பங்கும் சேர்ந்தது ஒரு நோடு. இந்த அமைப்பின் பெயர் நூமா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டாஷ் கணினி 1990களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டியது. 1996-ல் எஸ்.ஜி.ஐ. நிறுவனத்தின் ஆரிஜின் 2000 வந்தது. 2003-ல் ஏ.எம்.டி. தன் ஆப்டெரானில் நினைவகக் கட்டுப்பாட்டைச் செயலிக்குள்ளேயே வைத்தது. அதன்பின் இரண்டு செயலி போட்ட சாதாரண சர்வரும் நூமா ஆகிவிட்டது.

எந்தச் செயலி எந்த நோடில் இருக்கிறது என்று கெர்னலுக்கு எப்படித் தெரியும்? பயாஸ் தரும் ஸ்ராட் என்ற அட்டவணை சொல்லும். ஸ்லிட் என்ற இன்னொரு அட்டவணை தூரத்தைச் சொல்லும். சொந்த நோடுக்கு 10. 20 என்றால் இரண்டு மடங்கு தூரம்.

இந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும்? பல நேரம் ஒன்றுமே ஆகாது! கணினி ஓடும், விடையும் சரியாக வரும். வீட்டுக் கிணறு இருக்க, அடுத்த தெருவுக்குக் குடம் தூக்கிப் போவது மாதிரிதான். தண்ணீர் கிடைக்கும், நேரம்தான் போகும். ஆகவே வழு இருப்பதே வெளியே தெரியாது.

இதில் ஒரு கோழி-முட்டை சிக்கலும் உண்டு. லினக்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகப் பகுதி உண்டு. அது அந்தச் செயலியின் நோடிலேயே இருப்பது நல்லது. எந்த நோடு என்ற விவரமும் அந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறது. பகுதியை உருவாக்கும் முன் விவரத்தை எங்கே பார்ப்பது? அதனால் பூட் ஆகும்போது மட்டும் ஒரு தற்காலிக அட்டவணை. பகுதிகள் தயாரானதும் விவரம் அங்கே போய்விடும், தற்காலிக அட்டவணை கைவிடப்படும்.

அதற்கு முன்பே யாராவது நிரந்தர இடத்தில் போய்ப் பார்த்தால் -1 கிடைக்கும். "தெரியாது" என்று அர்த்தம். நினைவகம் ஒதுக்கும் நிரல் பல இடங்களில் இதை "இப்போது ஓடும் நோடிலேயே கொடு" என்று எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் ஓடுவது முதல் செயலி மட்டுமே. ஆக, எல்லோருடைய சாமானும் அதன் நோடில் போய் விழும். சத்தமே இருக்காது.

2008-ல் எஸ்.ஜி.ஐ. பொறியாளர்கள் லினக்ஸை 4096 செயலிகளுக்குத் தயார் செய்தபோது இதைக் கண்ணால் தேடுவது நடக்காத காரியம். அப்போது கெர்னலில் ஒரு சோதனை வசதி சேர்ந்தது. அதை இயக்கி வைத்தால், அட்டவணையை முந்திக்கொண்டு கேட்கும் நிரலைப் பார்த்து "ரொம்ப சீக்கிரம்!" என்ற பொருளில் எச்சரிக்கை அச்சாகும். எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டு இங்கே வந்தது என்ற பட்டியலும் கூடவே வரும். அதற்காக பூட் நிற்காது. தற்காலிக அட்டவணையைப் பார்த்து சரியான பதிலையே கொடுத்து அனுப்பும். வசதியை அணைத்துவிட்டால் இந்தச் சோதனைக்கென்று கூடுதல் செலவு இல்லை.

எனக்கு இதில் பிடித்தது இதுதான். தப்பான விடை தரும் வழு எப்படியும் மாட்டிக்கொள்ளும். சரியான விடையை மெதுவாகத் தரும் வழு மாட்டவே மாட்டாது, அதைப் பேச வைக்க நாம்தான் தனியாக நிரல் எழுத வேண்டும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் எல்.எஸ்.சி.பி.யு. கட்டளை கொடுத்து, நூமா என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். உங்கள் கணினியில் எத்தனை நோடு என்று பின்னூட்டத்தில் சொல்லுங்களேன்!