பசுமைவெளியும் சிறுவர் உடல்நலமும்

குடியிருப்புக்கு அருகிலுள்ள பூங்கா, காடு, சாலையோர மரங்கள், புல்வெளி முதலியன சிறுவரின் உடல்நலத்தில் ஏற்படுத்தும் விளைவுகள் பொதுச் சுகாதாரம், நகர்த் திட்டமிடல் ஆகிய துறைகளில் ஆராயப்படுகின்றன. இவ்விளைவுகள் பசுமைவெளியின் வகையைப் பொறுத்து வேறுபடுகின்றன.

அளவிடும் முறை

வீட்டைச் சுற்றியுள்ள பசுமையின் அளவு பெரும்பாலும் செய்மதிப் படங்களிலிருந்து பெறப்படுகிறது. தாவரங்கள் சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்புக் கதிர்களைத் தெறிக்கின்றன. இவ்வேறுபாட்டிலிருந்து கணிக்கப்படும் தாவரச் சுட்டெண் -1 முதல் +1 வரை அமையும். இச்சுட்டெண் பசுமையின் அடர்த்தியை மட்டுமே காட்டும். அவ்விடம் விளையாடுவதற்கு ஏற்றதா என்பதைக் காட்டாது.

உடல் எடையும் குருதி அழுத்தமும்

ஸ்பெயினின் சபதேல் நகரில் 9 முதல் 12 வயது வரையுள்ள 3,178 பள்ளிச் சிறுவரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2014இல் வெளியானது. காட்டுக்கு அருகில் வசித்தோரிடம் மிகை எடையும், அளவுக்கு மீறித் திரை பார்ப்பதும் குறைவாக இருந்தன. பூங்காவுக்கு அருகில் வசித்தோரிடம் அத்தகைய தொடர்பு வலுவற்றதாகவே இருந்தது. செருமனியின் மியூனிக், வெசல் பகுதிகளில் 10 வயதுச் சிறுவரிடம் செய்யப்பட்டு அதே ஆண்டில் வெளியான ஆய்வில், பசுமை குறைந்த சூழலில் வாழ்ந்தோரின் குருதி அழுத்தம் சற்றே கூடுதலாக இருந்தது.

ஆஸ்துமா

ஆஸ்துமா குறித்த முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நியூயார்க்கில் சாலையோர மரங்கள் மிகுந்த பகுதிகளில் சிறுவர் ஆஸ்துமா குறைவு என 2008இல் வெளியான ஆய்வு கூறியது. அதே நகரில் குழந்தைகளைப் பிறப்புக்கு முன்பிருந்து பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வோ, மர நிழற்பரப்பு கூடிய இடங்களில் 7 வயதில் ஆஸ்துமா மிகுதி எனக் கண்டது. சபதேல் ஆய்விலும் பூங்கா அருகில் வசித்த சிறுவரிடம் ஆஸ்துமா கூடுதலாக இருந்தது. மகரந்தம் இதற்கு ஒரு காரணமாகலாம்.

நோயெதிர்ப்பு

மண்ணிலும் தாவரங்களிலும் வாழும் பல்வகை நுண்ணுயிர்களுடன் ஏற்படும் தொடர்பு நோயெதிர்ப்புத் தொகுதியைப் பழக்குகிறது என்பது பல்லுயிர்மைக் கருதுகோள் ஆகும். இதனைச் சோதிக்கப் பின்லாந்தில் சில குழந்தைகள் காப்பகங்களின் முற்றத்தில் காட்டுத் தரைமண்ணும் புல்தரையும் இடப்பட்டன. 2020இல் வெளியான முடிவின்படி, 28 நாட்களில் அக்குழந்தைகளின் தோலில் நுண்ணுயிர்ப் பன்மை கூடியது. குருதியில் அழற்சியைத் தணிக்கும் குறிகாட்டிகளும் உயர்ந்தன. எனினும், நோய் குறைந்ததா என்பதை இவ்வாய்வு அளவிடவில்லை.

கிட்டப்பார்வை

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் நடந்த சோதனை 2015இல் வெளியானது. நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருந்த மாணவரில், மூன்றாண்டுகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை தோன்றியது. ஏனையோரில் இது 39.5 விழுக்காடு. இப்பயன் பகல் ஒளியால் கிடைப்பதாகக் கருதப்படுகிறது. பசுமைவெளி குழந்தைகளை வெளியே வரத் தூண்டும் இடமாக உதவலாம்.

வரம்புகள்

இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. வசதியுள்ள குடும்பங்கள் பசுமையான பகுதிகளில் குடியேறுவதால், வருமானத்தின் விளைவையும் பசுமையின் விளைவையும் பிரித்தறிவது கடினம். பூங்காவின் பாதுகாப்பு, பராமரிப்பு, அதனை அடையும் வழி ஆகியனவும் பயனைத் தீர்மானிக்கின்றன.