பூட்டிய வீடும் பற்றைக் காடும்

நிலக்கரிச் சுரங்கத்தில் கரியோடு வெளிவரும் பயனற்ற கல்லையும் களிமண்ணையும் வாயிலருகே மலையாகக் குவிப்பது வழக்கம். ஜேர்மனியின் ரூர் பகுதியிலும் பிரித்தானியாவின் வேல்ஸ் பள்ளத்தாக்குகளிலும் இவ்வாறு கருங்குன்றுகள் எழுந்தன. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபான் ஊரில் அவற்றுள் ஒன்று சரிந்து 144 பேரை விழுங்கியது; அவர்களுள் 116 பேர் சிறுவர்.

சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், எவரும் விதைக்காமலே இத்தகைய குன்றுகளில் பச்சை படர்ந்தது. அஃது எளிய காரியமன்று. கருங்கல் வெயிலில் கொதிக்கும். அதிலுள்ள கந்தக இரும்புத் தாது காற்றும் நீரும் பட்டு அமிலத்தைப் பிறப்பிக்கும். தழைச்சத்தோ மிக அரிது. அங்கேதான் காற்றில் வந்த நுண்விதையிலிருந்து பூர்ச்ச மரம் முளைத்தது. அதன் சருகு மட்கி மண்ணாயிற்று. அம்மண்ணை நம்பி வேறு செடிகள் வந்தன.

நமது கரையில் நிலக்கரி இல்லை. ஆயினும் இடிபாட்டில் செடி குடியேறுவதை நாமும் கண்டோம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று; இலங்கையின் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிரை இழக்கவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோர வீடுகள் செங்கற் குவியல்களாயின.

அந்நிலத்துக்கு உரிய தாவரம் கரையிலேயே இருந்தது. அடம்பன் விதை கடல்நீரில் நெடுந்தூரம் மிதந்தும் சாகாது. கொடியோ கணுதோறும் வேரூன்றி உவர்மணலைப் பற்றிக்கொள்ளும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் வாயில் வழங்கும் பழமொழி. கொடி திரள்வதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. மனிதருக்கு வேண்டியிருந்தது. கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு 2005இல் வரம்பு விதித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டதெனினும், கட்டளை எழுதியவர்கள் இந்த ஊர்களின் அமைப்பை எண்ணிப் பார்த்தார்களா? கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே மக்கள் நெருங்கி வாழும் ஒடுங்கிய மணற்பட்டை. பின்வாங்க நிலம் எங்கே?

நிலம் கிடைத்த ஓரிடத்தின் வரலாறு இன்னும் கசப்பானது. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியுதவியால் 500 வீடுகள் எழுந்தன. ஆழிப்பேரலையில் வீடிழந்த முஸ்லிம் குடும்பங்களுக்கென்றே அவை திட்டமிடப்பட்டன. ஓரினத்தார்க்கு மட்டும் வழங்கலாகாதென வழக்கு எழுந்தது. தேசிய இன விகிதாசாரத்தின்படி பகிரவேண்டுமென 2009இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் பத்தாண்டுக்கு மேலாகியும் எவருக்கும் எதுவும் பகிரப்படவில்லை. விகிதாசாரத்தின் நியாயத்தைச் சட்டமறிந்தோர் வாதிடட்டும். அந்த ஆண்டுகளில் அது முஸ்லிமுக்கோ தமிழருக்கோ சிங்களவருக்கோ ஒரு கூரையைத்தானும் தரவில்லை என்பதே நாம் கண்டது.

ஆளில்லாத முற்றங்களில் புல் எழுந்தது. சுவரில் கொடி ஏறியது. பற்றை வாசலை மறைத்தது. கரிக்குன்றில் கல்லை மண்ணாக்கிய அதே வேர்த்தொழில், கட்டி முடித்த வீட்டில் சுவரைப் பிளக்கும் தொழிலாகிறது. வெடிப்பில் ஒரு பறவை இட்ட ஆலம்விதை போதும். அலை வந்த ஆண்டில் பிறந்த குழந்தை பத்தாம் வகுப்பை எட்டியபோதும் நுரைச்சோலை வீடுகள் பூட்டியே கிடந்தன.